பதினேழு ஒன்றுகள்

ஒற்றைப்பல் மலை, ஐடஹோ
1936 ஆகஸ்ட் 9, ஞாயிறு

தோரா அக்காவுக்கு,

ஓடிஸ் நேற்று கோவேறு கழுதையோடு ஏறி வந்தார். மாவு, காப்பி, உன் கடிதம், நீ சரிபார்த்து அனுப்பிய ஆறு தாள்கள் எல்லாம் வந்து சேர்ந்தன.

"உங்கக்கா காயிதத்தைச் சுமந்தே என் கழுதைக்கு முதுகு வளைஞ்சு போச்சு. அப்படி என்னய்யா எழுதிக்கிறீங்க வாராவாரம்?" என்றார்.

"ஒரு எண்ணு, ஓடிஸ். ஒண்ணு ஒண்ணா பதினேழு ஒண்ணு வரிசையா நிக்கும். அதை எது மிச்சமில்லாம வகுக்கும்னு தேடுறோம்."

"கெடச்சா?"

"கெடச்சா ஒண்ணும் கெடைக்காது."

மனிதர் கழுதையின் காதில் ஏதோ சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பாவம், இந்த வருடம் வந்த புது ஆள். இந்த எண்ணை முதலில் பிடித்தது நம் நில்ஸ் அண்ணன் என்றும், இதே காட்டுத்தீக் காவல் கோபுரத்தில் இதே மேசையில் நூற்று இருபத்தொரு தாள் வகுத்தான் என்றும், மூன்று வருடம் முன்பு இதே கட்டிலில் செத்துப்போனான் என்றும் சொன்னால், கழுதை வந்தாலும் அவர் வரமாட்டார்.

இத்துடன் 301 முதல் 306 வரை தாள்கள். தாளுக்கு வழக்கம்போல நாற்பது வரி. 34-ஆல் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிற பகா எண் மட்டுமே இதை உடைக்க முடியும் என்பது ஒரு சல்லடை. அதிலும் பாதியைத் தள்ளுவது நில்ஸின் இரண்டாவது சல்லடை. இவ்வளவு சலித்தும் நான் ஐம்பத்தாறு லட்சத்துக்கு வந்துவிட்டேன். ஒவ்வொரு வரியிலும் ஏதோ ஒரு மீதி வந்து பல்லை இளிக்கிறது.

நில்ஸின் விதியை நான் இன்றுவரை மீறவில்லை அக்கா. பூஜ்யம் வந்தால் வகுத்தவன் எழுதக்கூடாது, இடத்தைக் காலியாக விடவேண்டும். சரிபார்ப்பவர் மீதிப் பத்தியை மடித்து மறைத்துக்கொண்டு தானே வகுத்து, தனக்கும் பூஜ்யம் வந்தால் அவர் கையால் எழுதவேண்டும். "ஒருத்தன் பாத்த பூஜ்யம் கனவுடா, ரெண்டு பேர் பாத்தாத்தான் எண்ணு உடையும்" என்பானே. உன் கையால் ஒரு பூஜ்யம் வாங்காமல் நான் இந்த மலையை விட்டு மொத்தமாக இறங்கப்போவதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். வரிக்கு வரி சிவப்புக் குறி போடுகிறாய், சரி. பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளியும் வைக்கிறாயே, அது எதற்கு? இரண்டு தரம் சரிபார்க்கிறாயா? அவ்வளவு சந்தேகமா என்மேல்?

இன்னொன்று. செவ்வாயன்று முழுநாளும் மேகம் கோபுரத்தை மூடியிருந்தது. மத்தியானம் தொலைபேசி அடித்தது. ஒரே கம்பியில் பல கோபுரங்கள், ஆளுக்கொரு மணி உண்டு. என் மணி இரண்டு நீளம், ஒரு குட்டை. அன்று அடித்ததெல்லாம் குட்டை. எண்ணினேன், பதினேழு. இந்தக் கம்பியில் யாருக்கும் அப்படி ஒரு மணி கிடையாது. எடுத்தேன், யாரும் பேசவில்லை. தாளில் பென்சில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

உன் தம்பி,
ஆர்னே

*

மினியாபொலிஸ்
1936 ஆகஸ்ட் 19

அடேய் ஆர்னே,

ஆறு தாளும் பார்த்தாயிற்று. எல்லாம் சரி. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

புள்ளியாவது புண்ணாக்காவது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அச்சகத்தில் ஊராரின் பிழைகளைத் திருத்துகிறவள் நான். வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்காது. ஏதாவது வைத்திருப்பேன்.

தொலைபேசியில் மற்ற கோபுரத்துப் பையன்கள் விளையாடுகிறார்கள். நீ வாயைத் திறந்து உன் எண்ணைப் பற்றி யாரிடமாவது பீற்றியிருப்பாய், அவர்கள் பதினேழு தரம் அடித்துச் சிரிக்கிறார்கள். இதற்குப் போய் எனக்குக் கடிதத்தில் பயம் காட்டாதே.

எனக்கு வருகிற ஆத்திரம் அந்த எண்ணின் மேல்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. இந்நேரம் யாராவது ஒரு பேராசிரியர் அதை உடைத்து ஏதாவது புத்தகத்தில் போட்டிருப்பார். கேட்டால் ஒரே நாளில் தெரிந்துவிடும். பகா எண் பட்டியலைத் தவிர வேறு புத்தகத்தைத் தொடக்கூடாது, யாரிடமும் கேட்கக்கூடாது என்று நம் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு அவன் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

உனக்கு இருபத்தெட்டு வயதாகிறது. குளிர்காலம் முழுக்க மரம் அறுக்கிறாய், கோடை வந்தால் மலை ஏறிவிடுகிறாய். பின்கட்டு அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். பனி விழுவதற்கு முன்னால் இங்கே வா. உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டுப்போட இந்த வீட்டில் எனக்கும் ஒரு ஆள் வேண்டும்.

தோரா

*

ஒற்றைப்பல் மலை
1936 செப்டம்பர் 3

அக்கா,

தாள்கள் 307 முதல் 316 வரை இத்துடன் உள்ளன. ஓடிஸ் இந்த வருடம் கடைசியாக ஏறி வருவது 28-ஆம் தேதி.

கோபுரத்துப் பையன்கள் விளையாடுகிறார்கள் என்றாயே. ஆகஸ்ட் 27 புயலில் இடி இறங்கியது. இடி உடம்பில் பாயாமலிருக்க இங்கே வைத்திருக்கும் கண்ணாடிக்கால் முக்காலியில் நான் ஏறிக் குந்திக்கொண்டு தப்பித்தேன். மறுநாள் கம்பிக்காரர் வந்து பார்த்தார்.

"பெரிய மரமா சாஞ்சு அரை மைல் கம்பியை அத்துக்கிட்டுப் போயிருக்கு தம்பி. மழை வந்துடுச்சு, இனிமே எங்க தீப்பிடிக்கப்போவுது? அடுத்த வருசம் பாத்துக்கலாம்னுட்டாரு ஆபீசரு."

அதாவது என் தொலைபேசி செத்து ஒரு வாரமாகிறது. அது நேற்று அடித்தது.

ஆறு நாளாக மேகத்துக்குள்ளேயே இருக்கிறேன். நான்கு பக்கமும் கண்ணாடி, நான்கு பக்கமும் வெள்ளை. ஜன்னலுக்கு வெளியே கைப்பிடிக் கம்பிகள் மட்டும் வரிசையாகத் தெரியும், அவையும் ஒன்று ஒன்றாய்த்தான் நிற்கின்றன. குட்டை மணி பதினேழு. எடுக்கக்கூடாது என்று நினைத்தேன், ஆனால் கை போய்விட்டது. அதே பென்சில் சத்தம். அது நின்றது. பிறகு நில்ஸ் பேசினான்.

நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். அவன் குரல் எனக்குத் தெரியாதா? மூக்கடைத்த மாதிரி, அவசரமே இல்லாமல்.

"தோராவைக் கேளு" என்றான்.

அவ்வளவுதான். "எதைக் கேக்க?" என்று கத்தினேன். மறுபடி பென்சில் ஓட ஆரம்பித்துவிட்டது.

உன்னிடம் எதைக் கேட்கவேண்டும் அக்கா? எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் நீயே சொல்லிவிடு.

ஆர்னே

*

மினியாபொலிஸ்
1936 செப்டம்பர் 11

ஆர்னே,

என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை. தனியாக இருந்தால் இல்லாததெல்லாம் காதில் கேட்கும். கம்பி அறுந்த கருவி பேசாது, செத்தவனும் பேசமாட்டான்.

பத்துத் தாளும் பார்த்தாயிற்று. எல்லாம் சரி.

ஓடிஸ் கடைசியாக 28-ஆம் தேதி ஏறி வருவதாக எழுதியிருந்தாய். அவரோடு இறங்கி வா. இது நான் கேட்பதல்ல, சொல்வது. இறங்கி வா.

தோரா

*

ஒற்றைப்பல் மலை
1936 செப்டம்பர் 19

தோரா,

எல்லாம் சரி என்று எழுதியிருக்கிறாய்.

"தோராவைக் கேளு" என்றான் அல்லவா, எதைக் கேட்பதென்று தெரியாமல் நான் தாளிலேயே கேட்டேன். 312-ஆம் தாள், ஏழாவது வரி. வேண்டுமென்றே தப்பாக எழுதினேன். சாதாரணத் தப்பு இல்லை. வகுக்கிற எண்ணைவிடப் பெரிய மீதி. வகுத்துப் பார்க்கக்கூட வேண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளை பார்த்தாலே சிரிக்கும். உன் சிவப்புக் குறி அதன்மேல் அழகாக உட்கார்ந்திருக்கிறது.

நீ வகுக்கவே இல்லை. எத்தனை நாளாக வகுக்கவில்லை? இந்த வருடம் மட்டுமா? போன வருடமுமா? ஒருத்தன் பார்த்தது கனவு என்றால், நான் இங்கே மூன்று கோடையாகக் கனவுதான் கண்டுகொண்டிருந்தேனா?

நான் ஏன் இந்த எண்ணை விடாமல் பிடித்திருக்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். அந்த ஆகஸ்டில் நில்ஸும் நானும் இங்கே ஒன்றாக இருந்தோம். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தான். "நீ போடா, டான்ஸுக்கு நேரமாச்சு. எனக்கு ஒண்ணுமில்ல, பழைய பீன்ஸு" என்றான். எனக்கும் அதை நம்புவது வசதியாக இருந்தது. ஊருக்கு இறங்கிப் போய் நான்கு நாள் ஆடினேன். திரும்பி வந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. மேசைமேல் 121-ஆம் தாள் உறைக்குள் ஒட்டி, உன் விலாசம் எழுதித் தயாராக இருந்தது. அதைப் பிரிக்க எனக்குத் துணிவில்லை. அப்படியே தபாலில் போட்டேன். மறு வருடம் 122-லிருந்து நான் ஆரம்பித்தேன். அவன் தொடங்கியதை முடித்துவிட்டால் அவன் முகத்தில் விழிக்கலாம் என்று இருந்தேன்.

நான் அவனை விட்டுவிட்டுப் போனேன். நீ எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டாய்.

28-ஆம் தேதி நான் இறங்கப்போவதில்லை. சரிபார்க்க ஆள் இல்லாவிட்டால் நானே ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வகுப்பேன், 122-லிருந்து. மாவு அரை மூட்டை இருக்கிறது. விறகு இருக்கிறது. பனி வந்தால் வரட்டும். எண் உடைகிறவரை இங்கேதான்.

தொலைபேசி இப்போது தினமும் அடிக்கிறது. நான் எடுப்பதில்லை.

ஆர்னே

*

மினியாபொலிஸ்
1936 செப்டம்பர் 24, வியாழன்

என் கண்ணே ஆர்னே,

இதை ஓடிஸ் உன் கையில் கொடுக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். மலையடிவார வன அலுவலகத்துக்குத் தந்தியும் கொடுத்திருக்கிறேன். கம்பி அறுந்துகிடக்கிறதே, அதை உன்னிடம் யார் சொல்வார்கள்?

இனி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. நான் வகுக்கவில்லை. இந்த வருடம் மட்டுமல்ல, நில்ஸ் போனதிலிருந்து ஒரு வரிகூட வகுக்கவில்லை. அவன் செத்த தந்தி திங்கட்கிழமை வந்தது. வியாழக்கிழமை அவன் கையெழுத்தில் என் விலாசத்தோடு அந்த உறை வந்தது. செத்தவனிடமிருந்து தபால் வந்தால் நீ என்ன செய்திருப்பாயோ தெரியாது. நான் தாளை விரித்தேன், மீதிப் பத்தியை மடிக்கவில்லை, சிவப்புப் பென்சிலை எடுத்து நாற்பது வரிக்கும் நாற்பது குறி போட்டேன், பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு நீ அனுப்பினவற்றையும் அப்படியே செய்தேன். எண்களைப் பார்த்தாலே அவன் முகம் வரும். குறி போட்டு அனுப்பினால் நீ சந்தோஷமாக இருப்பாய் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். காசு வாங்கிக்கொண்டு ஊரார் பிழையைத் திருத்துகிறவள், சொந்தத் தம்பிக்குச் செய்த வேலை இது.

"தோராவைக் கேளு" என்று நீ எழுதியபோதே பெட்டிச் சாவியைத் தேடி எடுத்து, திறக்காமல் திரும்ப வைத்தேன். ஏனென்றால் நில்ஸின் அந்த 121-ஆம் தாளில் ஒன்று எனக்கு நினைவிருந்தது. கடைசி வரியில், நாற்பதாவது வரியில், மீதி எழுதப்படவில்லை. எழுதுவதற்குள் கை விழுந்துவிட்டது, பாவம், என்று நினைத்து அதற்கும் குறி போட்டிருந்தேன்.

உன் கடிதம் இன்று காலை வந்தது. உறை ஒட்டி விலாசம் எழுதித் தயாராக இருந்தது என்று எழுதியிருந்தாய். அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். ஒரு மீதி எழுதக் கையில் பலமில்லாதவன், உறையில் என் விலாசத்தை எப்படி எழுதினான்?

அச்சகத்துக்குப் போகவில்லை. பெட்டியைத் திறந்தேன். நாற்பதாவது வரியில் வகுக்கும் எண் 2071723. பக்கத்தில் காலியிடம். காலியிடத்துக்குப் பக்கத்தில் என் சிவப்புக் குறி. சமையலறை மேசையில் உட்கார்ந்து பதினேழு ஒன்றுகளையும் எழுதி வகுத்தேன். கை பழக்கம் விட்டுப்போனதால் முதல் தடவை தப்பாக வந்தது. மறுபடி வகுத்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை. ஈவு 5363222357. நம்பாமல் பெருக்கியும் பார்த்தேன். ஒன்று ஒன்றாகப் பதினேழும் வந்து நின்றன.

அவன் காலியாக விட்டது பலமில்லாமல் இல்லை ஆர்னே. விதிப்படி விட்டிருக்கிறான். நான் வகுத்துப் பூஜ்யம் போடுவேன் என்று காத்திருந்திருக்கிறான், மூன்று வருடமாக.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு அந்த இடத்தில் பூஜ்யத்தை எழுதினேன். அதற்கப்புறம் அழுதேன்.

அந்த ஈவும் இனி உடையாது. அது உடையவேண்டுமென்றால் எழுபத்து மூவாயிரத்துச் சொச்சத்துக்குள் ஒரு எண் அதை வகுக்கவேண்டும், அதே எண் நம் எண்ணையும் வகுத்திருக்கும். அதையெல்லாம் முதல் சில தாள்களிலேயே நில்ஸும் நானும் வகுத்து முடித்துவிட்டோம். அப்போது நான் நேர்மையாக வகுத்தேன், அது சத்தியம். ஆகவே இனி வகுக்க ஒன்றும் இல்லை. நீ 122-லிருந்து செய்ததெல்லாம் தேவையே இல்லாத வேலை. என் ஒரு குறியால் உன் மூன்று கோடை போய்விட்டது. என்னைத் திட்டு, அடி, பேசாமல் இரு. ஆனால் இறங்கி வா.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அந்தப் பென்சில் புள்ளிகளை நான் வைக்கவில்லை. அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லி மழுப்பினேன். இங்கிருந்து போகும்போது தாள்களில் சிவப்புக் குறியைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை.

உன் அக்கா,
தோரா

*

மலையடிவார வன அலுவலகம்
1936 செப்டம்பர் 30, புதன்

அக்கா,

நான் உயிரோடு இருக்கிறேன். கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன, வேறொன்றும் இல்லை.

உன் கடிதம் திங்களன்று இங்கே வந்தது. மேலே போகவில்லை. ஓடிஸ் ஓடைவரை போய்விட்டுப் பனி இடுப்பளவு கிடப்பதைப் பார்த்துத் திரும்பிவிட்டார். நான் மேலே இருந்திருந்தால் வசந்தம் வரை யாரும் வந்திருக்க முடியாது. அரை மூட்டை மாவு அதுவரை வராது என்று எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

நான் வெள்ளிக்கிழமையே இங்கே வந்துவிட்டேன். உன் தந்தியைப் பார்ப்பதற்கு முன்னால். ஏன் இறங்கினேன் என்று கேள்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிடம். நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். உங்கள் ஊர்க் கடிகாரம் எங்களைவிட இரண்டு மணி முன்னால் ஓடும். தொலைபேசி அடித்தது. இந்த முறை குட்டை மணி இல்லை. ஒரே ஒரு நீள மணி. இந்தக் கம்பியில் அது எல்லாருக்கும் தெரியும். பேசி முடித்தவர், கம்பியை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்க, கடைசியாக ஒரு நீள மணி அடித்துவிட்டு வைப்பார். எடுத்தேன். பென்சில் சத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை. மரத்துண்டைக் காதில் வைத்த மாதிரி இருந்தது. மூன்று கோடையில் முதல் தடவையாக அந்த அறையில் நான் மட்டும் இருப்பதாகத் தோன்றியது அக்கா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தாள்களை மட்டும் தோளில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். பாதி வழியில் பனி தொடங்கியது.

உன்மேல் கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நான் ஆடப்போனவன். உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

உன் கடிதத்தில் புள்ளியைப் பற்றிப் படித்ததும் தாள்களை எல்லாம் இந்த அலுவலகத் தரையில் பரப்பினேன். ஓடிஸ் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னய்யா, சீட்டுக்கட்டா?" என்று கேட்டுவிட்டு அவரும் எண்ண ஆரம்பித்தார். 122 முதல் 316 வரை நூற்றுத் தொண்ணூற்றைந்து தாள்கள். ஏழாயிரத்து எண்ணூறு வரிகள். எல்லாவற்றிலும் உன் சிவப்புக் குறி இருக்கிறது. பென்சில் புள்ளி ஏழாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது வரிகளில் இருக்கிறது.

புள்ளி இல்லாத ஒரே வரி 312-ஆம் தாளில் ஏழாவது. நான் வேண்டுமென்றே தப்பாக எழுதியது.

நீ பார்க்கவில்லை. ஆனால் யாரோ பார்த்திருக்கிறார்கள், ஒரு வரி விடாமல். ஓடிஸ் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கால் வீக்கம் வடிந்ததும், அடுத்த செவ்வாயன்று ரயில் ஏறுகிறேன். அதற்குள் நீ எனக்கு ஒன்று செய்யவேண்டும். பெட்டியைத் திற. 121-ஆம் தாளை எடு. அது உன்னிடமே பூட்டிக் கிடந்த தாள், இந்த மலைக்குத் திரும்பி வந்ததே இல்லை. நாற்பதாவது வரியில் நீ போட்ட பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, தந்தி கொடு.

ஆர்னே

*

தந்தி
மினியாபொலிஸ், 1936 அக்டோபர் 5

இருக்கிறது. அந்த ஒரு வரியில் மட்டும். நேற்றுப் பார்த்தபோது இல்லை. சீக்கிரம் வா ஆர்னே, எனக்குப் பயமாக இருக்கிறது.

தோரா